சக்கைக்குள் கதிரவன்

நுழையும்முன்

நாம் உண்ணும் சோறும் அதைச் சமைத்த விறகும் ஒரே இடத்திலிருந்து வந்தவை. தாவரங்கள் சேர்த்து வைத்த கதிரவனின் ஆற்றலை மனிதர் எவ்வெவ்வழிகளில் திரும்பப் பெறுகின்றனர் என்பதை, நகரிப் பக்கத்து வெல்லக் கொட்டகை ஒன்றிலிருந்து தொடங்கி இப்பாடம் விளக்குகிறது. அறிவியல் வகுப்பில் ஆங்கிலத்தில் படித்த சில செய்திகளை இங்கே தமிழில் சந்திப்பீர்கள்.

கொட்டகையில்

சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் சாலையில் திருத்தணியைக் கடந்து ஆந்திர மாநிலத்திற்குள் நுழைந்ததும் வரும் ஊர் நகரி. பழந்தமிழர் வடக்கு எல்லையாகக் கொண்ட வேங்கட மலைக்குத் தெற்கே அமைந்திருப்பதால், இவ்வூர்க் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாமல் நடமாடுகின்றன. தெருக்களில் விசைத்தறியின் ஓசை. ஊரைத் தாண்டினால் நெல், வேர்க்கடலை, மாந்தோப்பு, கரும்பு. வெல்லத்திற்குப் பெயர்பெற்றது சித்தூர் மாவட்டம்.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, எட்டாம் வகுப்பு மாணவர் சிலருடன் அங்கே ஒரு வெல்லக் கொட்டகைக்குச் சென்றிருந்தேன். ஓலை வேய்ந்த கூரை. அதன் நடுவே நிலத்தைத் தோண்டிக் கட்டிய அடுப்பு. அடுப்பின்மேல் அகன்ற இரும்புக் கொப்பரை. வெளியே மூன்று உருளைகள் கொண்ட ஆலை, கரும்பை நெரித்துச் சாற்றை ஒரு பக்கமும் சக்கையை மறுபக்கமும் தள்ளிக்கொண்டிருந்தது. சாறு கொப்பரைக்குப் போயிற்று. சக்கையைக் களத்தில் வெயிலில் பரப்பினார்கள். முந்தைய நாள்களில் பரப்பிக் காய்ந்திருந்த சக்கையை ஒரு முதியவர் அள்ளி அள்ளி அடுப்பின் வாயில் தள்ளினார். கரும்பின் சாற்றைக் காய்ச்சும் தீயும் கரும்பிலிருந்தே வந்தது.

ஆர்வம் மிக்க மாணவன் ஒருவன், ஆலையிலிருந்து அப்போதுதான் விழுந்த ஈரச் சக்கையைக் கையளவு எடுத்துத் தீயில் போட்டுவிட்டான். தீ சீறியது, வெண்புகை கிளம்பி எல்லார் கண்ணையும் கரித்தது. முதியவர் சினம் கொள்ளவில்லை. “காயாத சக்கை கடன்காரன் மாதிரி, தம்பி. கொடுக்கிறதைவிட வாங்கிக்கிறதுதான் அதிகம்” என்றார்.

திரும்பி வரும்போது ஒரு மாணவி கேட்டாள்: “ஐயா, இதைப் பசுமை எரிபொருள் என்று எங்கள் அறிவியல் புத்தகம் சொல்கிறது. ஆனால் இவ்வளவு புகை வருகிறதே?”

பேருந்துக்குள் நின்றுகொண்டு ஒரே வரியில் விடை சொல்லக்கூடிய வினா அன்று அது. பள்ளிக்கு வந்து கரும்பலகையில் கணக்கிட்டுத்தான் சொல்ல முடிந்தது.

கடன்காரனின் கணக்கு

முதலில் முதியவரின் சொல்லைச் சோதிப்போம். நன்கு காய்ந்த கரும்புச் சக்கை 1 கிலோ எரிந்தால் ஏறத்தாழ 17 மெகாஜூல் வெப்பம் கிடைக்கும். ஆலையிலிருந்து விழும் ஈரச் சக்கையில் சரிபாதி நீர். ஆகவே, 1 கிலோ ஈரச் சக்கையில் எரியக்கூடியது அரைக் கிலோ மட்டுமே. அது தருவது எட்டரை மெகாஜூல். மீதி அரைக் கிலோ நீர் ஆவியாகி வெளியேற வேண்டும். 1 கிலோ நீரைச் சூடாக்கி ஆவியாக்கச் சற்றேறக்குறைய 2.6 மெகாஜூல் வேண்டும் என்பதால், அரைக் கிலோ நீர் 1.3 மெகாஜூலைத் தன்னோடு கொண்டுபோய்விடுகிறது. நமக்கு எஞ்சுவது 7 மெகாஜூல் சொச்சம். காய்ந்த சக்கை தருவதில் பாதிகூட இல்லை.

முதியவர் சொன்னது சற்று மிகைதான். ஈரச் சக்கை வாங்குவதைவிடக் கொடுப்பதே அதிகம். ஆனால் அடுப்பருகே நிற்பவருக்கு இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. ஈரம் தீயின் சூட்டைத் தணிக்கிறது. சூடு தணிந்தால் சக்கையிலிருந்து எழும் ஆவிகள் முழுமையாக எரியாமல் வெளியேறுகின்றன. அவ்வாறு எரியாமல் தப்பியவையே நம் கண்ணைக் கரிக்கும் புகை. வெயிலில் இரண்டு மூன்று நாள் காயவிடுவது எவருடைய செலவும் இல்லாமல் கதிரவனைக் கொண்டு செய்யும் வேலை. அதனால்தான் மழை பெய்யாத பருவத்தில் வெல்லம் காய்ச்சுகிறார்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. சிறிய ஆலையில் 100 கிலோ கரும்பை நெரித்தால் ஏறத்தாழ 60 கிலோ சாறும் 40 கிலோ ஈரச் சக்கையும் கிடைக்கும். 60 கிலோ சாற்றிலிருந்து 10 கிலோ வெல்லம் வரவேண்டுமானால் 50 கிலோ நீர் ஆவியாக வேண்டும். சாற்றைக் கொதிநிலைக்குக் கொண்டுவரவும் பின்னர் நீரை ஆவியாக்கவும் மொத்தம் 130 மெகாஜூல் தேவை. 40 கிலோ ஈரச் சக்கை காய்ந்தால் 20 கிலோ. அதன் வெப்பம் 340 மெகாஜூல். தேவையைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல்!

அப்படியானால் சக்கை மிஞ்ச வேண்டுமே? பல கொட்டகைகளில் மிஞ்சுவதில்லை. பழைய முறை அடுப்பில் பெரும்பகுதி வெப்பம் புகைப்போக்கி வழியாகவும் மண்சுவர் வழியாகவும் வீணாகிறது. எழும் வெப்பத்தில் ஐந்தில் இரண்டு பங்கையாவது கொப்பரை பிடித்துக்கொண்டால்தான் அந்தந்தக் கரும்பின் சக்கை அந்தந்தச் சாற்றுக்குப் போதும். அதற்குக் குறைந்தால் உழவர் விறகை விலைகொடுத்து வாங்க வேண்டும். விறகும் கிடைக்காத இடங்களில் பழைய ரப்பர் டயரை எரிப்பவர்களும் உண்டு. அதன் கரும்புகை ஊருக்கே கேடு. ஓர் அடுப்பின் வடிவம் ஒரு குடும்பத்தின் வருவாயையும் ஊரின் காற்றையும் தீர்மானிக்கிறது.

கரும்பாலைத் தீயைப் பற்றிய கவலை நமக்குப் புதியதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில், கரும்பின் சாற்றைக் காய்ச்சும் ஆலைத் தீயின் வெப்பம் பட்டு அருகிலுள்ள வயலின் நெய்தல் மலர்கள் அழகு கெட்டு வாடும் காட்சி வருகிறது. சோழநாட்டின் வளத்தைச் சொல்ல வந்த புலவர், வளத்தின் பக்கத்திலேயே வாடிய பூவையும் கண்டிருக்கிறார்.

தழையின் தறி

சக்கைக்குள் வெப்பம் எங்கிருந்து வந்தது? கதிரவனிடமிருந்து. பச்சை இலை, காற்றிலுள்ள கரியமில வாயுவையும் வேர் உறிஞ்சிய நீரையும் கொண்டு, ஒளியின் ஆற்றலால் சர்க்கரையை உருவாக்குகிறது, உயிர்வளியை வெளியிடுகிறது. இதுவே ஒளிச்சேர்க்கை. கரியமில வாயுவின் ஆறு மூலக்கூறுகளும் நீரின் ஆறு மூலக்கூறுகளும் சேர்ந்து ஒரு குளுக்கோசு மூலக்கூறும் ஆறு உயிர்வளி மூலக்கூறுகளும் ஆகின்றன. எரியும்போது நடப்பது இதன் தலைகீழ்: சர்க்கரையும் உயிர்வளியும் சேர்ந்து, அன்று வாங்கிய ஒளியை வெப்பமாகத் திருப்பித் தந்துவிட்டு, மீண்டும் நீரும் கரியமில வாயுவும் ஆகின்றன.

இந்தக் குளுக்கோசை வைத்துத் தாவரம் பலவகைப் பொருள்களைச் செய்கிறது. ஒருவிதமாகக் கோத்தால் மாவுச்சத்து. அரிசியும் கிழங்கும் அதுவே. வேறு விதமாகக் கோத்தால் செல்லுலோசு. வைக்கோலும் சக்கையும் மரமும் பெரும்பாலும் அதுவே. இரண்டும் ஒரே மணிகளால் ஆன மாலைகள்தாம். மணிகளை முடிச்சிட்ட முறை வேறு. மாவுச்சத்தின் முடிச்சை நம் வயிறு அவிழ்க்கும். செல்லுலோசின் முடிச்சை அவிழ்க்க நம்மால் இயலாது. மாட்டின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகளால் இயலும். எனவே மாடு வைக்கோலைத் தின்று பால் தருகிறது.

நகரியில் தறி பார்த்தவர்களுக்கு ஒன்று சொல்லலாம். பருத்தி நூல் ஏறத்தாழத் தூய செல்லுலோசு. பாவு நூல் விறைப்பாக நிற்க அதற்குக் கஞ்சி போடுவார்கள் அல்லவா? தாவரமும் தன் செல்லுலோசு இழைகளுக்கு இடையே லிக்னின் என்னும் பொருளை ஊற்றி விறைப்பாக்குகிறது. தண்டு நிமிர்ந்து நிற்பது அதனால்தான்.

தொல்காப்பியர் மரபியலில், வெளிப்புறம் வயிரம் பாய்ந்தவற்றைப் புல் என்றும் உட்புறம் வயிரம் பாய்ந்தவற்றை மரம் என்றும் பிரிக்கிறார். அவர் வகைப்படி மூங்கிலும் பனையும் கரும்பும் புல்லே. இன்றைய தாவரவியலும் கரும்பை நெல்லோடும் மூங்கிலோடும் சேர்த்துப் புல் குடும்பத்தில் வைக்கிறது. கரும்பைக் கடித்துப் பார்த்தவர்களுக்கு உறுதி வெளியேயும் இனிப்பு உள்ளேயும் இருப்பது தெரியும்.

ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. வயலில் விழும் வெயிலில் பெரும்பாலான பயிர்கள் சேமிப்பது நூற்றில் ஒரு பங்கு அளவே. கூரைமேல் வைக்கும் சூரிய மின்தகடு நூற்றில் இருபது பங்கைப் பிடிக்கிறது. பிறகு ஏன் தாவரத்தை நாட வேண்டும்? தாவரம் தன்னைத் தானே உருவாக்கிக்கொள்கிறது. பிடித்த ஆற்றலை மூட்டை கட்டியும் வைக்கிறது. இரவிலும் எரிக்கலாம், ஆறு மாதம் கழித்தும் எரிக்கலாம்.

மாணவியின் வினா

இப்போது புகைக்கு வருவோம். சக்கை எரிந்து வெளிவரும் கரியமில வாயு, அக்கரும்பு வளர்ந்த பத்துப் பன்னிரண்டு மாதங்களில் காற்றிலிருந்து எடுத்துக்கொண்டதே. அடுத்த ஆண்டுக் கரும்பு அதை மீண்டும் எடுத்துக்கொள்ளும். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் இந்தச் சுழற்சியால் காற்றில் கரியின் அளவு கூடுவதில்லை. நிலக்கரியும் தாவரமே. நெய்வேலியில் வெட்டி எடுக்கும் பழுப்பு நிலக்கரி, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு மண்ணில் புதைந்த காடு. ஆனால் அது அன்றைய காற்றிலிருந்து எடுத்த கரி. அதை இன்று எரித்தால் இன்றைய காற்றில் புதிதாகச் சேரும். திரும்ப எடுத்துக்கொள்ள அந்தக் காடு இல்லை. பசுமை எரிபொருள் என்னும் பெயர் இந்த வேறுபாட்டினால் வந்தது.

அந்தப் பெயருக்கும் கண் எரிச்சலுக்கும் தொடர்பில்லை. புகையிலுள்ள நுண்துகள்கள் நுரையீரலுக்குள் புகுந்து தங்குபவை. அவை சக்கையிலிருந்து வந்தாலும் கரியிலிருந்து வந்தாலும் கேடு ஒன்றே. காற்றோட்டம் இல்லாத சமையலறையில் விறகடுப்பின் முன் ஆண்டுக்கணக்காக அமர்ந்த நம் பாட்டிமார்கள் இருமியது வெறும் முதுமையினால் அன்று. ஆகவே அம்மாணவிக்கு விடை இதுதான்: உலகின் கரிக் கணக்கில் அது பசுமை, அடுப்பெரிப்பவரின் மார்பில் அது புகை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். புத்தகம் பாதியைச் சொன்னது.

கரிக் கணக்கிலும் சில கழிவுகள் உண்டு. உரம் செய்ய எரிவாயு, நீர் இறைக்க மின்சாரம், கரும்பை ஏற்றிவரும் லாரிக்கு டீசல் என்று பின்வாசல் வழியாகப் பழைய கரி உள்ளே வருகிறது. காட்டை அழித்து அந்நிலத்தில் பயிரிட்டாலோ, பல்லாண்டுச் சேமிப்பை ஒரே நாளில் செலவழித்ததாகும்.

நொதித்தல்

எரிப்பது மிகப் பழைய வழி. இன்னொரு வழி நொதிக்க வைப்பது. ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரி சர்க்கரையைத் தின்று எத்தனாலையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. 180 கிராம் குளுக்கோசு முழுமையாக நொதித்தால் 92 கிராம் எத்தனாலும் 88 கிராம் கரியமில வாயுவும் கிடைக்கும். எடையில் பாதி காற்றோடு போனாலும், ஆற்றலின் பெரும்பகுதி எத்தனாலிலேயே தங்கிவிடுகிறது. எத்தனால் 78 பாகை செல்சியசில் கொதிக்கும். நீர் 100 பாகையில். இந்த வேறுபாட்டைக் கொண்டு வடித்துப் பிரிக்கிறார்கள். சர்க்கரை ஆலைகளில் சர்க்கரையைப் பிரித்தபின் எஞ்சும் கரிய கழிவுப்பாகு இதற்கு நெடுநாளாகப் பயன்படுகிறது.

பெட்ரோலுடன் எத்தனாலைக் கலக்கும் திட்டத்தை இந்தியா 2003ஆம் ஆண்டில் சில மாநிலங்களில் நூற்றுக்கு ஐந்து என்ற அளவில் தொடங்கியது. 2022ஆம் ஆண்டு சூன் மாதத்தில் நூற்றுக்குப் பத்தை எட்டியது. 2025இல் ஏறத்தாழ இருபது. உங்கள் தந்தையின் வண்டியில் ஊற்றும் பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு ஏதோ ஒரு வயலில் விளைந்தது. 1 லிட்டர் பெட்ரோலில் 32 மெகாஜூல் இருந்தால் 1 லிட்டர் எத்தனாலில் 21 மெகாஜூல்தான் உண்டு. எனவே இருபது பங்கு கலந்த எரிபொருளில் லிட்டருக்கு ஏறத்தாழ 30 மெகாஜூலே இருக்கும். வண்டி முன்போல் ஓடவில்லை என்று பெரியவர்கள் முணுமுணுத்தால் அதில் ஓரளவு உண்மை உண்டு. எவ்வளவு என்பது எஞ்சினின் அமைப்பைப் பொறுத்தது.

இதைவிடப் பெரிய கேள்வி நீர். கரும்பு விளைய 1500 முதல் 2500 மில்லிமீட்டர் நீர் வேண்டும். சித்தூர்ப் பகுதியில் ஆண்டு மழை ஆயிரம் மில்லிமீட்டருக்கும் குறைவு. மீதி ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வரவேண்டும். கரும்புச் சர்க்கரையிலிருந்து 1 லிட்டர் எத்தனால் பெற ஏறத்தாழ 2860 லிட்டர் நீர் செலவாகிறது என்று நிதி ஆயோக் 2021ஆம் ஆண்டு அறிக்கையில் கணக்கிட்டுள்ளது. கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்திருக்கும் ஊரில் நின்று இந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

அண்மை ஆண்டுகளில் மக்காச்சோளமும் உடைந்த அரிசியும் எத்தனாலுக்குப் பெருமளவில் போகின்றன. மக்காச்சோளம் நாமக்கல் கோழிப்பண்ணைகளின் தீவனமும் ஆகும். ஒரே கதிருக்கு வண்டியும் கோழியும் போட்டியிட்டால் முட்டையின் விலை ஏறும். வயல் ஒன்றே, அதில் உணவு விளைவிப்பதா, எரிபொருள் விளைவிப்பதா என்பது உலகெங்கும் நடக்கும் வழக்கு.

இதற்குத் தீர்வாகவே, உண்ண இயலாத செல்லுலோசிலிருந்து எத்தனால் செய்யும் ஆலைகள் வந்தன. அரியானா மாநிலம் பானிப்பட்டில் 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு 10 அன்று திறக்கப்பட்ட ஆலை, ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் எடுப்பதற்காக அமைக்கப்பட்டது. வடக்கே அறுவடைக்குப்பின் வயலிலேயே எரிக்கப்பட்டுக் காற்றைக் கெடுக்கும் வைக்கோலுக்கு இது நல்ல வழி. ஆனால் நகரியில் எந்த உழவரிடமாவது போய் வைக்கோலைக் கழிவு என்று சொல்லிப்பாருங்கள்! இங்கே அது போராக அடுக்கிக் காக்கப்படும் மாட்டுத் தீவனம். கடலைக்கொடியும் அப்படியே. ஓரூரின் கழிவு மற்றோர் ஊரின் செல்வம்.

கடலை எண்ணெயில் ஓடிய எஞ்சின்

1900ஆம் ஆண்டு பாரிசில் பெரிய உலகக் கண்காட்சி நடந்தது. அங்கே ருடால்ப் டீசல் கண்டுபிடித்த வகை எஞ்சின் ஒன்று வேர்க்கடலை எண்ணெயில் ஓடிக்காட்டியது. பார்த்தவர்களில் பலருக்கு அது வேறு எண்ணெயில் ஓடுகிறது என்றே தெரியவில்லை. பிரெஞ்சு அரசு கேட்டுக்கொண்டதால் அந்தச் சோதனை நடந்தது என்று டீசலே பின்னாளில் கூறியிருக்கிறார். 1893 ஆகஸ்டு 10 அன்றே கடலை எண்ணெயில் ஓடியதாகச் சில நூல்கள் எழுதுகின்றன. அந்நாள் எஞ்சின் முதன்முதலாக ஓடிய நாள்; கடலை எண்ணெய் வந்தது பின்னர்தான். அந்த நாளையே நம் நாட்டில் உயிரி எரிபொருள் நாளாகக் கொண்டாடுவதால் இரண்டு செய்திகளும் ஒன்றாகக் கலந்துவிட்டன.

சித்தூர் மாவட்டத்தின் மானாவாரி நிலங்களில் விளைவதும் வேர்க்கடலையே. ஆனால் உண்ணும் எண்ணெயை வண்டிக்கு ஊற்ற இந்நாட்டில் எவருக்கும் கட்டாது. மேலும், தாவர எண்ணெய் டீசலைவிடப் பன்மடங்கு கெட்டியானது; நாளடைவில் எஞ்சினின் நுண்துளைகளை அடைக்கும். அதனால் எண்ணெயை மெத்தனாலோடும் சிறிது காரத்தோடும் வினைபுரியச் செய்து, அதிலிருந்து கிளிசரினைப் பிரித்துவிடுகிறார்கள். எஞ்சும் இலகுவான நீர்மமே பயோடீசல். பலமுறை பொரித்துக் கறுத்த எண்ணெயைக் கூட இவ்வாறு மாற்றலாம்.

உண்ணாத எண்ணெய் வித்துகள் நம்மிடம் உண்டு. தெலுங்கில் கானுக எனப்படும் புங்கமரம் சாலையோரங்களில் நிழல் தருகிறது. அடிலாபாத் பகுதியைச் சேர்ந்த பவர்குடா என்னும் சிற்றூரில் பழங்குடிப் பெண்கள் புங்கங்கொட்டை சேர்த்து எண்ணெய் ஆட்டினர். அதனால் எரியாமல் மிச்சமாகும் 147 டன் கரியமில வாயுவுக்காக 2003ஆம் ஆண்டில் உலக வங்கி அவர்களுக்கு 645 டாலர் கொடுத்தது. சிறு தொகைதான், ஆனால் அப்பெண்கள் சேமித்த புகைக்கு ஒருவர் விலை கொடுத்தார்.

காட்டாமணக்கின் கதை இதற்கு எதிரானது. தரிசு நிலத்தில் நீரில்லாமல் வளரும், எண்ணெய் கொட்டும் என்று சொல்லி இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நாடெங்கும் நடச் சொன்னார்கள். செடி பிழைத்தது உண்மை. நீரும் உரமும் இல்லாத இடத்தில் அது காய்க்க மறுத்தது. பிழைப்பது வேறு, விளைவது வேறு என்பதை உழவர்கள் நான்கைந்து ஆண்டு காத்திருந்து கற்றனர். (காட்டாமணக்கு விதை நஞ்சு. கடலையைப் போல் சுவைக்கிறது என்று பிள்ளைகள் தின்று மருத்துவமனைக்குச் செல்லும் செய்தி அடிக்கடி வருகிறது. தொட வேண்டா.)

சீமைக் கருவேலத்திற்கு எவரும் நீர் ஊற்றவில்லை. 1870களின் இறுதியில் விறகுப் பஞ்சம் தீர்க்கக் கடப்பைப் பகுதியில் நடப்பட்ட அயல்நாட்டு மரம் இது. இன்று இராமநாதபுரம்வரை பரவி நிற்கிறது. ஏரியையும் மேய்ச்சல் நிலத்தையும் விழுங்கியதாகப் பழிக்கப்படுகிறது. அதே மரத்தின் கரியையும் விறகையும் விற்றுப் பிழைக்கும் குடும்பங்களும் பல. மரத்தை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையங்களுக்கும் அதுவே முதன்மை விறகு.

புரா என்னும் ஊர்

காற்றுப் புகாத தொட்டியில் சாணத்தையும் நீரையும் கலந்து வைத்தால், நுண்ணுயிரிகள் அதைச் சிதைத்து மீத்தேன் மிகுந்த வாயுவை வெளியிடும். இதுவே சாண எரிவாயு. 25 கிலோ சாணத்தில் 1 கனமீட்டர் வாயு கிடைக்கும். ஒரு சிறு குடும்பம் சமைக்க நாளுக்கு ஒன்று முதல் இரண்டு கனமீட்டர் வேண்டும். மாடு ஒன்று நாளுக்கு 10 கிலோ சாணம் போடுவதாகக் கொண்டால் மூன்று முதல் ஐந்து மாடுகள் தேவை. சித்தூர் மாவட்டத்துக்கே உரிய புங்கனூர்க் குட்டைப் பசு அழகானது. ஆனால் இந்தக் கணக்கில் அது இன்னும் சற்றுப் பின்தங்கும்.

இந்தக் கணக்கை ஓர் ஊரே பாடுபட்டுக் கற்றது. கர்நாடகத்தில் தும்கூர் மாவட்டம், குணிகல் வட்டத்தில் புரா என்றொரு சிற்றூர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் அமூல்ய குமார் ரெட்டி 1974இல் ஊரகத் தொழில்நுட்பத்திற்கென ஒரு மையத்தைத் தொடங்கினார். அவருடைய குழுவினர் புராவில் ஊருக்குப் பொதுவான சாண எரிவாயுக் கலத்தை அமைத்தனர். வீடுதோறும் சமையலுக்கு வாயு தருவது நோக்கம். சாணம் போதவில்லை. எல்லார் வீட்டு உலையையும் அது கொதிக்க வைக்கவில்லை, திட்டம் நின்றது.

குழுவினர் ஊரை விட்டுப் போய்விடவில்லை. இருக்கும் சாணத்தைக் கொண்டு ஊர் எதை மிகவும் விரும்புகிறது என்று கேட்டனர். குடிநீர் என்றனர் ஊரார். 1987ஆம் ஆண்டில் அதே வாயு, சிறிதளவு டீசலின் துணையோடு ஓர் எஞ்சினை ஓட்டி மின்சாரம் தந்தது. அந்த மின்சாரம் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நீரை இறைத்தது, வீடுகளில் விளக்கெரித்தது. சாணம் கொண்டுவந்தவர்க்குச் சிறு கூலியும், வாயு போனபின் எஞ்சிய சாந்தும் திருப்பித் தரப்பட்டன. அந்தச் சாந்து நல்ல உரம். வாயுவாகப் போவது பெரும்பாலும் மீத்தேனும் கரியமில வாயுவும்தான்; பயிருக்கு வேண்டிய தழைச்சத்து சாந்திலேயே தங்கிவிடும். வரட்டி தட்டி எரித்தால் தழைச்சத்தும் புகையோடு போய்விடும்.

நகரி வெல்லக் கொட்டகையிலும் அடுப்பின் அடியில் சாம்பல் குவிந்திருந்தது. அதை என்ன செய்வீர்கள் என்று கேட்டோம். “கரும்புக் கொல்லைக்குத்தான்” என்றார் முதியவர், சக்கையைத் தள்ளிக்கொண்டே.

சொற்பொருள்

கொப்பரை – சாறு காய்ச்சும் அகன்ற பாத்திரம்
வயிரம் – மரத்தின் உறுதியான பகுதி
பாவு – தறியில் நெடுக்காக ஓடும் நூல்
நொதித்தல் – நுண்ணுயிரியால் புளித்து மாறுதல்
மானாவாரி – மழையை மட்டுமே நம்பிய வேளாண்மை
சாந்து – குழைவான கலவை
வரட்டி – தட்டிக் காயவைத்த சாணம்

தெரிந்து கொள்வோம்

எரிபொருள் என்னும் சொல்லை எரிந்த பொருள், எரிகின்ற பொருள், எரியும் பொருள் என மூன்று காலத்திற்கும் விரிக்கலாம். இவ்வாறு காலம் காட்டும் இடைநிலை மறைந்து வருவது வினைத்தொகை. எரிவாயு, கொதிநீர், விளைநிலம் ஆகியவற்றையும் இவ்வாறே விரித்து எழுதுக.

வெல்லம் தெலுங்கில் பெல்லம், கரும்பு செரகு, வேர்க்கடலை வேருசெனக. இவற்றுள் தமிழோடு ஒலியால் நெருங்கியவை எவை? அண்டை வீட்டாரிடம் கேட்டு இத்தகைய சொற்கள் ஐந்தினைத் திரட்டுக.

பயிற்சி

1. “காயாத சக்கை கடன்காரன் மாதிரி” என்னும் கூற்று எந்த அளவு சரி? பாடத்திலுள்ள எண்களைக் கொண்டு விளக்குக.

2. சக்கை, நெய்வேலி நிலக்கரி இரண்டும் தாவரமே. பின் ஏன் ஒன்றை மட்டும் பசுமை எரிபொருள் என்கிறோம்?

3. 200 கிலோ கரும்பிலிருந்து கிடைக்கும் காய்ந்த சக்கையின் வெப்பம் எவ்வளவு? அடுப்பு அதில் நான்கில் ஒரு பங்கை மட்டும் பிடித்தால் சாற்றைக் காய்ச்ச எவ்வளவு வெப்பம் குறையும்?

4. புரா ஊரில் முதல் திட்டம் ஏன் நின்றது? இரண்டாம் திட்டத்தில் என்ன மாறியது?

5. உங்கள் பாட்டியிடமோ தாத்தாவிடமோ அவர்களுடைய இளமைக்கால அடுப்பைப் பற்றிக் கேளுங்கள். எதை எரித்தார்கள், யார் கொண்டுவந்தார்கள், மழைக்காலத்தில் என்ன செய்தார்கள் என்பதை ஒரு பக்க அளவில், அவர்கள் சொன்ன ஊர்ச்சொற்களை மாற்றாமல் எழுதுக.